தீவைத் தெற்கே தள்ளியது ஏன்?
விண் மின்தூக்கி, அதாவது விண்ணிலுள்ள செயற்கைக்கோளிலிருந்து பூமிவரை தொங்கும் கம்பியில் ஏறும் மின்தூக்கி பற்றிய கதையை அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இலங்கையில் வைத்ததற்கு அந்தத் தீவின்மேல் இருந்த பாசம்தான் காரணம் என்று ஒரு கட்டுரை சொல்வது பாதி உண்மைதான். பாசம் உண்டு, 1956 முதல் அங்கேயே வாழ்ந்தவர். ஆனால் பூமியின் நடுக்கோடு முழு வட்டமில்லை, லேசான நீள்வட்டம். அதனால் சுமார் 36,000 கி.மீ. உயரத்திலுள்ள புவிநிலைச் சுற்றுப்பாதையில் (செயற்கைக்கோள் பூமியின் ஒரே இடத்துக்கு மேலேயே நிற்கும் பாதை) நிலையான இடங்கள் இரண்டுதான்: தீர்க்கரேகைப்படி கிழக்கு 75 பாகை, மேற்கு 105 பாகை. வேறு இடத்தில் நிறுத்திய செயற்கைக்கோள் எரிபொருள் தீர்ந்ததும் மெல்ல நகர ஆரம்பித்துவிடும். இலங்கை இருப்பது 80 பாகைக்குப் பக்கத்தில், அதாவது முதல் இடத்துக்கு நெருக்கமாக. இடித்தது அட்சரேகைதான், கம்பி நடுக்கோட்டில் இறங்கியாக வேண்டும், இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது. அதற்காகத்தான் 1979இல் வெளிவந்த அந்த நாவலில் தீவையே 800 கி.மீ. தெற்கே நகர்த்தினார், கம்பி வந்திறங்கும் சிவனொளிபாதமலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கினார். இந்த மாற்றங்களை நூலிலேயே வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார். அந்தக் கட்டுரை விட்டிருக்கக் கூடாத விஷயம் இது.