கலீனா போகிறவர்களே, கடைப் பலகைக்கு மேலே பாருங்கள்

இலையுதிர் காலம் வந்தால் போதும், சிகாகோ பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இலினாய் மாநிலத்தின் பழைய ஊரான கலீனாவைப் பற்றி, "கலீனா போகலாமா, ஒரு நாள் போதுமா?" என்று கேள்வி வர ஆரம்பித்துவிடும். போகலாம். ஆனால் பாதிப் பேர் மெயின் ஸ்ட்ரீட்டில் ஃபட்ஜும் பாப்கார்னும் வாங்கி, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, "அழகாத்தான் இருக்கு, ஆனா எல்லாம் கடை" என்று திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தெருவில் பார்க்க வேண்டியது கடைக்கு மேலே, சுவரில் இருக்கிறது என்பது என் கட்சி.

இது ஈயச் சுரங்க ஊர். 1845-இல் அமெரிக்காவில் எடுத்த ஈயத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்த வட்டாரத்தினுடையது. மிசிசிப்பியிலிருந்து கலீனா ஆற்றில் ஏறி நீராவிக் கப்பல்கள் ஊர் நடுவிலேயே வந்து நிற்கும். ஈயம் உருக்க மலைக் காடுகளை வெட்டினார்கள். மரம் போன சரிவிலிருந்து மண் இறங்கி அந்த ஆறு தூர்ந்தது. 1854-இல் ரயிலும் வர, கப்பல் வியாபாரம் படுத்தது. 1855-இல் ஐந்து மாடியோடு திறந்த டிசோட்டோ ஹவுஸ் ஹோட்டலில் பின்னாளில் தங்க ஆளில்லாமல் மேல் இரண்டு மாடிகளையே பிரித்தெடுத்துவிட்டார்கள்! இப்போது நீங்கள் பார்ப்பது மிச்சம் மூன்று. பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட ஊரில் காசில்லை. வறுமைதான் இந்தத் தெருவைக் காப்பாற்றியது, பாதுகாப்பெல்லாம் பிற்பாடு.

1969-இல் இந்தப் பகுதி அமெரிக்க வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் ஏறியது உண்மை. ஆனால் அந்தப் பதிவு மட்டும் தனியார் சொந்தக்காரரின் கையைக் கட்டாது. கட்டுப்படுத்துவது உள்ளூர் விதிகள். மத்திய அரசு தருவது வரிச் சலுகை: கடை, விடுதி என்று வருமானம் தரும் பழைய கட்டடத்தை அவர்கள் சொல்லும் தரத்தில் புதுப்பித்தால், செலவில் 20 சதவீதம் ஐந்து வருடத்தில் வரியில் கழியும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு இது கிடையாது.

சரி, எதிர் நடைபாதையில் நின்று ஏதாவது ஒரு கட்டடத்தைப் பாருங்கள். கீழ்த்தளத்தைக் கடைக்காரர்கள் காலத்துக்கேற்ப மாற்றியிருப்பார்கள். மாடி ஜன்னல்களும் உச்சியில் துருத்தும் விளிம்பான கார்னிஸும்தான் பெரும்பாலும் கட்டின காலத்தவை. சுவரில் நட்சத்திர வடிவில் இரும்புத் தகடு தெரிந்தால் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். உள்ளே தளத்தோடு இழுத்துக் கட்டிய கம்பியின் நுனி அது. வெளியே சாயப் பார்க்கும் சுவரைப் பிடித்து நிறுத்துகிறது.

அடுத்து கிட்டப் போய்ச் செங்கல் இடுக்குகளைப் பாருங்கள். அந்தக் காலச் செங்கல் அவ்வளவு கெட்டியில்லை, அதற்கேற்ற சாந்து சுண்ணாம்பு. சுவரில் ஏறிய ஈரம் சாந்து வழியாக வெளியேறிவிடும், சுவர் லேசாக அசைந்தாலும் சாந்து விட்டுக்கொடுக்கும். உதிர்ந்த இடத்தைச் சுரண்டி மறுபடி சுண்ணாம்புச் சாந்தே அடைப்பதுதான் சரியான பராமரிப்பு. "பலமா இருக்கட்டுமே" என்று யாராவது இன்றைய கெட்டியான போர்ட்லண்ட் சிமெண்ட்டை அடைத்தால் வந்தது வினை. ஈரம் வெளியேற இனி செங்கல்தான் வழி. குளிரில் அது உறைந்து விரியும், செங்கலின் முகம் செதில் செதிலாகப் பெயரும். சாந்து கோடு கோடாக நீட்டிக்கொண்டு நிற்க, நடுவில் செங்கல் குழிந்திருந்தால் நடந்தது இதுதான். பழைய பெயிண்ட் போக மணல் பீய்ச்சினாலும் இதே கதி. சூளையில் நன்றாக வெந்த மேல்தோல் போய், உள்பக்கம் தண்ணீரை உறிஞ்ச ஆரம்பிக்கும்.

டூரிஸ்ட் கடைகள்தான் ஊரைக் கெடுக்கின்றன என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். மெழுகுவர்த்திக் கடை எத்தனைதான் வேண்டும்! ஆனால் காலிக் கட்டடத்தில் கூரை ஒழுகினால் கேட்க நாதியில்லை. யாரோ கவனிப்பதற்குள் உத்தரம் உளுத்திருக்கும். வாடகை தரும் கடைக்காரர் முதல் சொட்டிலேயே போன் போடுவார்.

சிகாகோவிலிருந்து போகும் வழி: ராக்ஃபோர்டு வரை ஐ-90, பிறகு யூஎஸ் 20. மொத்தம் மூன்று மணி நேரம். ஃப்ரீபோர்ட் தாண்டினால் இரண்டே லேன். பனியுகப் பனியாறுகள் தொடாத நிலம் என்பதால் மேடு பள்ளம் ஓயாது. முன்னால் டிராக்டர் போனால் நீங்களும் அதே வேகம்தான். அக்டோபர் சனிக்கிழமையில் மெயின் ஸ்ட்ரீட்டில் பார்க்கிங் தேடி அலையாமல், ஆற்றின் அக்கரையில் பழைய ரயில் நிலையம் பக்கம் நிறுத்திவிட்டு நடைபாலத்தில் வந்துவிடுங்கள். மேலே இருக்கும் பெஞ்ச் ஸ்ட்ரீட்டுக்கும் பிராஸ்பெக்ட் ஸ்ட்ரீட்டுக்கும் செங்குத்தான படிகள். ஸ்ட்ரோலர் தள்ளுபவர்களும் முட்டிவலிக்கார அம்மா அப்பாவோடு வருபவர்களும் காரிலேயே மேலே போய் இறங்குவது உத்தமம். சைவக்காரர்கள் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். 1865-இல் ஊர்க்காரர்கள் பின்னாளில் ஜனாதிபதியான ஜெனரல் கிராண்டுக்குப் பரிசாகக் கொடுத்த வீடும் ரயில் நிலையம் இருக்கும் கரையில்தான். அது எல்லா நாளும் திறந்திருக்காது, திறக்கும் நாளைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள்.