எத்தனை கிராம் கொட்டுகிறது?

வீட்டுக்காரர்: வாங்க, வாங்க. முடி விஷயம்தானே? வீட்டுக்கே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். இந்த வெயிலில் நடந்தா வந்தீர்கள்?

முடிக்காரம்மா: நாங்கள் நடந்துதான் சார் வருவோம். முடி இருக்கிறதா?

வீட்டுக்காரர்: (நெற்றியைத் தடவிக்கொண்டு) அதை நீங்கள்தானே அம்மா பார்த்துச் சொல்ல வேண்டும்.

முடிக்காரம்மா: சரி, கொட்டுகிறதா?

வீட்டுக்காரர்: கொட்டுகிறதாவா! குளித்தால் கொட்டுகிறது. சீவினால் கொட்டுகிறது. காலையில் எழுந்தால் தலையணை பூராவும் கிடக்கிறது.

முடிக்காரம்மா: ரொம்ப சந்தோஷம் சார்.

வீட்டுக்காரர்: என்னது?

முடிக்காரம்மா: தெரு முனையிலிருந்து கேட்டுக்கொண்டே வருகிறேன். ஒரு வீட்டிலும் இப்படி ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. எத்தனை கிராம் இருக்கும்?

வீட்டுக்காரர்: கிராமா? எண்ணிக்கையில்தானே கேட்பார்கள்? ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை உதிர்வது சகஜம், அதற்கு மேல் போனால்தான் கவலை என்று உங்கள் ஆபீசில் சொன்னார்களே.

முடிக்காரம்மா: எங்களுக்கு ஏது சார் ஆபீஸ்? புளியமரத்தடிதான். ஒவ்வொரு முடியாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் அடுப்பு எரியுமா? நிறுத்துவிடுவோம்.

வீட்டுக்காரர்: (தராசைப் பார்த்து, இது ஏதோ புது டெக்னாலஜி என்று நினைத்துக்கொண்டு) சரி, எவ்வளவு ஆகும், அதைச் சொல்லிவிடுங்கள்.

முடிக்காரம்மா: பணமாக வேண்டுமா, பாத்திரமாக வேண்டுமா?

வீட்டுக்காரர்: பாத்திரமா?

முடிக்காரம்மா: கொஞ்சமாகக் கொட்டியிருந்தால் டீ வடிகட்டி. நிறையக் கொட்டியிருந்தால் எவர்சில்வர் டபரா.

வீட்டுக்காரர்: அப்படியா! ட்ரீட்மெண்ட் எடுத்தால் டபரா இலவசமா? ஆடித் தள்ளுபடி இதற்குக்கூட வந்துவிட்டதா?

முடிக்காரம்மா: ஆடியோ தையோ, கொட்டினால் கொடுப்போம்.

வீட்டுக்காரர்: அப்படியென்றால் முழுக்கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஷெல்ஃபைப் பாருங்கள். கரிசலாங்கண்ணி எண்ணெய், செம்பருத்தி எண்ணெய், காட்டில் எடுத்த மூலிகை என்று ஒருத்தன் விற்ற எண்ணெய். சின்ன வெங்காயச் சாறும் தேய்த்துப் பார்த்தேன்.

முடிக்காரம்மா: அதுதானா! சமையலுக்கு நேரமாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

வீட்டுக்காரர்: அப்புறம் மினாக்சிடில். அது முதலில் ரத்தக்கொதிப்புக்கு வந்த மாத்திரை, தெரியுமா? சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் கண்ட இடத்தில் முடி முளைக்கவும், சொட்டைக்குப் போடலாம் என்று 1988இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். ஆறு மாதமாவது விடாமல் போடுங்கள், முதலில் கொஞ்சம் கூடுதலாக உதிரும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னார்.

முடிக்காரம்மா: பயந்துவிட்டீர்கள்.

வீட்டுக்காரர்: மூன்றாவது வாரமே நிறுத்திவிட்டேன்.

முடிக்காரம்மா: சொல்லி அனுப்பியிருந்தால் அந்த மூன்று வாரமும் வந்திருப்பேனே சார்.

வீட்டுக்காரர்: ஆனால் ஒன்று அம்மா. எதிர்வீட்டுப் பையனுக்கு டெங்கு வந்து முடியெல்லாம் போய், அந்தக் காட்டு மூலிகை எண்ணெயில்தான் முழுசாகத் திரும்பி வந்தது. கண்ணால் பார்த்தேன்.

முடிக்காரம்மா: டெங்கு வந்த தெருவுக்கு நான் எப்போது போவேன் தெரியுமா? உடனே போக மாட்டேன். இரண்டு மூன்று மாதம் கழித்துப் போவேன், அப்போதுதான் கொட்டும். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் அதே கணக்கு. மூன்றாம் மாதம் கவர் நிறையக் கிடைக்கும். அப்புறம் ஆறு மாதம் ஆனால் தானாக நின்றுவிடும், எனக்கு அந்த வீட்டு யாவாரம் போச்சு. இதற்கு நடுவில் எந்த எண்ணெய் வாங்கினார்களோ அதற்குப் பெயர் வந்துவிடும்.

வீட்டுக்காரர்: அப்போது எண்ணெயே வேண்டாம் என்கிறீர்களா?

முடிக்காரம்மா: தேங்காய் எண்ணெய் வையுங்கள் சார், இருக்கிற முடி சீவும்போது அறுந்து போகாது. இல்லாத முடிக்கு எங்கே போய் வைப்பீர்கள்?

வீட்டுக்காரர்: (கொஞ்சம் யோசித்து) எல்லாம் இந்த போர் தண்ணியால்தான்.

முடிக்காரம்மா: உங்கள் அப்பாவும் இந்த போர் தண்ணியில்தான் குளித்தாரா?

வீட்டுக்காரர்: அவருக்குத் தாமிரபரணித் தண்ணி.

முடிக்காரம்மா: தலை?

வீட்டுக்காரர்: ...பளிச்சென்று இருக்கும்.

முடிக்காரம்மா: சரி, கவரை எடுங்கள் சார்.

வீட்டுக்காரர்: எந்தக் கவர்? ஓ, நானும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்ட. (உள்ளே போய் ஒரு தீப்பெட்டியோடு வருகிறார்.)

முடிக்காரம்மா: இது மீசையா சார்?

வீட்டுக்காரர்: தலைமுடி!

முடிக்காரம்மா: ஒரு சாணாவது இல்லாமல் நாங்கள் எடுக்கிறதில்லை. இது ஒரு விரல்கூட இல்லை. போதாக்குறைக்குப் பூனைமுடி. பரம்பரைச் சொட்டையில் இப்படித்தான், ஒவ்வொரு தடவை முளைக்கும்போதும் முன்னைவிட மெலிந்து மெலிந்து கடைசியில் இதுதான் மிஞ்சும். இதைத் தராசில் வைத்தால் என் மானம் போகும்.

வீட்டுக்காரர்: அதற்காகத்தானே அம்மா உங்களைக் கூப்பிட்டது! நடச் சொல்லித்தானே!

முடிக்காரம்மா: எதை நட?

வீட்டுக்காரர்: பின்னந்தலையிலிருந்து வேரோடு எடுத்து முன்னால் நடுவது. பின்பக்க முடி அவ்வளவு சுலபத்தில் கொட்டாதாமே.

முடிக்காரம்மா: அதற்கு அவர்கள் எவ்வளவு தருவார்கள்?

வீட்டுக்காரர்: நாம்தான் தர வேண்டும்.

முடிக்காரம்மா: முடி உங்களுடையது. பணமும் உங்களுடையதா? நான் இத்தனை வருஷமாகப் பணம் கொடுத்து முடி வாங்கிக்கொண்டிருக்கிறேனே சார், அதனால்தான் தெருவில் நிற்கிறேன்.

வீட்டுக்காரர்: நீங்கள்... நீங்கள் கிளினிக்கிலிருந்து வரவில்லையா?

முடிக்காரம்மா: சிக்கு முடி வாங்குகிறவள் சார். அம்மாதான் சனிக்கிழமை வரச் சொன்னார்கள். பாத்ரூம் ஜன்னலில் கவர் இருக்குமாம்.

(ஜன்னலில் ஒன்றல்ல, இரண்டு கவர். இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. அந்த ஜன்னலுக்குக் கீழே தினமும் நின்றுகொண்டு கண்ணாடியில் தன் நெற்றியை மட்டும் பார்க்கிறவர் அவர்.)

வீட்டுக்காரர்: இவ்வளவா? இதையெல்லாம் என்ன செய்வீர்கள்?

முடிக்காரம்மா: எங்களிடம் மொத்தமாக எடுக்கிறவர் கர்நாடகாவில் கொப்பள் பக்கம் அனுப்புவார். அங்கே உட்கார்ந்து சிக்கெடுப்பார்கள். திருப்பதி, பழனி முடி என்றால் அடி ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் ஒழுங்காக இருக்கும், அதன் விலையே வேறு. 2022இல் கச்சா முடியை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. எல்லாரும் அதைச் சொல்லித்தான் எங்களிடம் விலையைக் குறைக்கிறார்கள்.

வீட்டுக்காரர்: சிக்கெடுத்து?

முடிக்காரம்மா: விக் செய்வார்கள். உங்களை மாதிரி ஆட்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அம்மா தலையில் உதிர்ந்தது ஊரைச் சுற்றி உங்கள் தலைக்கே வந்து சேர்ந்தாலும் சேரும். (கவரைத் தூக்கிப் பார்த்து) கனமாக இருக்கிறது சார்.

வீட்டுக்காரர்: எத்தனை கிராம்? டபரா வருமா?

முடிக்காரம்மா: இதை எந்த டாக்டரிடம் காட்டினீர்கள்?

வீட்டுக்காரர்: எதை? அவள் முடியையா? அவளுக்கென்ன, நிறைய இருக்கிறதே.

முடிக்காரம்மா: இருக்கிறது சார். இங்கே, கவரில்.

வீட்டுக்காரர்: (பதில் இல்லை.)

முடிக்காரம்மா: காய்ச்சலில் கொட்டினது என்றால் இதற்குள் நின்றிருக்கும். போன தடவையைவிட இந்தத் தடவை அதிகம். அன்றைக்கே படியேறி வந்து கவரைக் கொடுப்பதற்குள் அவர்களுக்கு மூச்சு வாங்கியது. ரத்தம் குறைந்தாலும் கொட்டும், தைராய்டு என்றாலும் கொட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எச்.பி. காசு வாங்காமலே பார்ப்பார்கள். போனீர்களா?

வீட்டுக்காரர்: அவள் ஒன்றும் சொல்லவில்லையே.

முடிக்காரம்மா: நீங்கள் தீப்பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தால் அவர்கள் எப்போது சொல்வார்கள்?

வீட்டுக்காரர்: இல்லை அம்மா, முடிக்குப் புரதம் வேண்டும் என்று படித்தேன். வீட்டில் தினமும் முட்டை அவிக்கிறாள்.

முடிக்காரம்மா: யாருக்கு?

வீட்டுக்காரர்: ...முருங்கைக்கீரைகூட வாங்குகிறோம்.

முடிக்காரம்மா: யாருக்கு சார்?

(அவர் போனை எடுத்துப் பார்க்கிறார். யாரும் கூப்பிடவில்லை.)

வீட்டுக்காரர்: சரி அம்மா. நாளைக்கே கூட்டிப் போகிறேன். இந்த டபராவை...

முடிக்காரம்மா: டபரா அம்மா கணக்கு. அவர்கள் கையில்தான் கொடுப்பேன், வரும்வரை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஷெல்ஃபில் இருக்கிற பாட்டில்களை மட்டும் காலி செய்து வையுங்கள். திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் வருவார்.

வீட்டுக்காரர்: அவர் என்ன கொடுப்பார்?

முடிக்காரம்மா: பேரீச்சம்பழம்.

வீட்டுக்காரர்: பேரீச்சம்பழமா! அது முடிக்கு ரொம்ப நல்லதாமே!

முடிக்காரம்மா: திங்கட்கிழமை வேண்டாம் சார். அம்மா வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து வரச் சொல்கிறேன்.