ஆடிக்கூழைப் பாடத் தெரிந்த பிள்ளைகளுக்கு அதைக் காய்ச்சவும் தெரிய வேண்டும்

கடந்த ஆண்டு ஆடிப்பிறப்புக்கு முதல்நாள், எனது மூன்றாம் தர வகுப்புப் பிள்ளைகள் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை ஒரு சொல்லும் பிசகாமல் பாடி முடித்தார்கள். பாடி முடித்ததும், அந்தப் பாட்டில் வரும் ஆடிக்கூழுக்குள் என்னென்ன போடுவார்கள் என்று கேட்டேன். 22 பிள்ளைகளில் 3 பேருக்குத்தான் விடை தெரிந்திருந்தது. "கூழ் எண்டால் சூப்போ ரீச்சர்?" என்று முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள். அந்தக் கேள்வி இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை.

பிள்ளைகளில் குறை காண நான் இதை எழுதவில்லை. இலங்கைப் போரின் இறுதி ஆண்டான 2009 இல் இவர்களுடைய பெற்றோரே பள்ளிப் பிள்ளைகளாக இருந்தார்கள். அந்த ஆண்டின் தைப்பொங்கலை இடம்பெயர்ந்த வழியிலும், ஆடிப்பிறப்பைச் செட்டிகுளத்து முகாம்களிலும் கழித்தவர்கள் அவர்கள். அம்மம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மா வறுக்கவும், பயறு குற்றவும், திரி திரிக்கவும் பழக வேண்டிய வயதில், அவர்கள் தறப்பாளுக்குக் கீழே சாப்பாட்டு வரிசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். உரலையும் உலக்கையையும் திரிகையையும் விட்டுவிட்டு வந்த வீடுகள் எத்தனை! ஆகவே, மற்ற ஊர்களில் வீடு செய்யும் வேலையில் ஒரு பங்கை வன்னியில் பள்ளிக்கூடம் செய்தே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் நாம் அதை எப்படிச் செய்கிறோம்? பெரும்பாலும் நவராத்திரியில் வரும் வாணிவிழா என்றால் கும்பத்தை ஆசிரியர்கள் வைக்கிறார்கள், தோரணத்தைப் பெற்றோர் கட்டுகிறார்கள், உரைகளை விருந்தினர்கள் ஆற்றுகிறார்கள். நன்றாகப் பாடக்கூடிய நான்கு பிள்ளைகள் சகலகலாவல்லி மாலையை மேடையில் பாட, மற்றைய பிள்ளைகள் அனைவரும் கைகட்டி உட்கார்ந்திருந்து, கடைசியில் அவலும் கடலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். விழா என்பது அந்தச் சின்னப் பிள்ளைகளுக்குத் தாங்கள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டிய ஒன்றாகவே பதிந்துவிடுகிறது.

கும்பத்தின் அடியில் மண் பரப்பி விதைக்கும் நவதானியத்தைப் பிள்ளைகளின் கையால் விதைக்க விட்டுப் பாருங்கள். எது முதலில் முளைக்கிறது, பயறா எள்ளா என்று நாள்தோறும் அடிமட்டம் வைத்து அளந்து குறித்து வருவார்கள். விஜயதசமி வரும்போது, சுற்றாடல் பாடத்தில் நாம் ஒரு கிழமை கத்திச் சொல்வதையெல்லாம் தாங்களே கண்டுகொண்டிருப்பார்கள். குருத்தோலையைக் கிழித்துத் தோரணம் மடிக்கப் பழகும் பிள்ளையின் விரல், எழுதுவதற்கும் பழகுகிறது. கார்த்திகை விளக்கீட்டுக்குச் சிட்டி விளக்குகளைக் கழுவிக் காயவைப்பதும் திரி திரிப்பதும் முதலாம் தரத்துப் பிள்ளையாலும் முடியும்.

அத்துடன் வன்னிப் பிள்ளைக்கு இந்த விழாக்கள் புத்தகத்து விடயங்கள் அல்ல. முத்தையன்கட்டுத் தண்ணீரும் வவுனிக்குளத்துத் தண்ணீரும் பாயும் வயல்களுக்கு நடுவே வளரும் பிள்ளைக்குக் மாரிகாலத்தில் விளையும் காலபோக நெல்லும், தைப்பூசத்தில் புதிர் (புது நெல்) எடுப்பதும், பட்டிப் பொங்கலில் மாட்டுக்குப் பொட்டு வைப்பதும் தன் வீட்டுக் கதைகள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு முன்னர், கடலில் எடுத்த தண்ணீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் விளக்கெரிக்கும் வழக்கத்தைச் சைவநெறிப் பாடத்துக் குறிப்பாக எழுதிப் போடுவதைவிட, அந்தத் தீர்த்தம் எடுக்கப் போய்வந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, கடற்கரையிலிருந்து தான் நடந்துவந்த கதையைச் சொல்ல வைப்பது எவ்வளவோ மேல். தண்ணீரில் விளக்கு எப்படி எரியும் என்று ஒரு பிள்ளை கேட்டால் கேட்கட்டும். அந்தக் கேள்வியை அதட்டி அடக்கக்கூடாது.

புலமைப்பரிசில் பரீட்சை இருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று பெற்றோர் கேட்பார்கள். மேடை ஒத்திகைக்கு இப்போது நாம் செலவழிக்கும் நேரமே இதற்குப் போதும். என் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கூழ் காய்ச்சுவதிலும் தோரணம் மடிப்பதிலும் அவர்கள் விரும்பியவாறு சேரலாம். வழிபாட்டில் எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. அதேபோல, நத்தாருக்கு அவர்கள் பாலன் குடில் கட்டும்போது எங்கள் பிள்ளைகளும் வைக்கோல் சுமக்க வேண்டும்.

இந்த ஆடிப்பிறப்புக்கு வகுப்பில் கூழ் காய்ச்சுவதற்கு அதிபர் அனுமதி தந்துவிட்டார். அரிசியும் பயறும் பனங்கட்டியும் தேங்காயும் பெற்றோர் தருகிறார்கள். அரிசியைப் பிள்ளைகளே இடித்து மாவாக்க வேண்டும் என்பது என் ஆசை. முல்லைத்தீவுப் பக்கத்தில் எவரிடமாவது பழைய மர உரலும் உலக்கையும் இருந்தால், இரண்டு நாட்களுக்குத் தந்துதவுங்கள். நானே வந்து ஏற்றிச்சென்று, கழுவித் துடைத்துத் திருப்பிக் கொண்டுவந்து தருவேன். உலக்கை பிடிக்கப் பழக்கிவிட ஒரு அம்மம்மாவும் கூட வந்தால், பிள்ளைகளுக்கு அது பெரிய கொடையாக இருக்கும்.