தண்ணீர்மலையில் தண்ணீர் எங்கே?

போன சனிக்கிழமை அண்ணன் மகளை மலேசியாவில் எங்கள் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒன்பது வயது. 513 படியும் ஏறி, முருகனைக் கும்பிட்டு, இறங்கி வந்து நிழலில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "அத்தை, தண்ணீர்மலைன்னு சொல்றோம்ல, தண்ணி எங்க இருக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். எத்தனை தைப்பூசத்துக்கு இந்த மலை ஏறியிருப்பேன்! அந்தத் தண்ணீரைக் காட்டத்தான் அவளைக் கையோடு பக்கத்தில் இருக்கும் தாவரவியல் பூங்காவுக்கு நடத்திக்கொண்டு போனேன். கொஞ்ச தூரம்தான். ஆனால் கோவிலுக்கு வரும் நம் குடும்பங்களில் எத்தனை பேர் அந்தக் கொஞ்ச தூரம் நடக்கிறோம்? சாமி கும்பிட்டதும் காரை எடுத்துக்கொண்டு சாப்பிடக் கிளம்பிவிடுகிறோம். என் மனக்குறையே அதுதான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பூங்காவுக்குப் போகும் சாலைக்கு ஜாலான் கெபுன் பூங்ஙா என்று பெயர். மலாயில் பூந்தோட்டச் சாலை. என் காதில் அது எப்போதும் நம்முடைய 'பூங்கா' என்றே விழும். உள்ளே போனதும் ஓர் ஆறு கூடவே வரும். மேலே அருவியிலிருந்து இறங்கி வரும் ஆறு அது. மலைக்குப் பெயர் கொடுத்த தண்ணீர் அதுதான். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் குடிநீர் நிரப்பிக்கொண்டதும், ஜார்ஜ் டவுன் ஊரே குடித்ததும் அந்த அருவித் தண்ணீரைத்தான்.

நம் முருகன் முதலில் இருந்ததும் அந்த அருவிக்குப் பக்கத்தில்தான். இங்கே உழைக்க வந்த நம் ஆட்கள் அருவியோரம் கும்பிட்ட சாமி அது. 1892இல் அங்கே நீர்த்தேக்கம் வந்தது. ஊருக்குக் குடிநீர் தரும் இடம் என்பதால் கோவில் அங்கேயே இருக்க முடியவில்லை. 1915இல் இப்போதைய மலைக்கு வந்துவிட்டது. தண்ணீரை விட்டு வந்த பிறகும் தண்ணீர்மலை என்ற பெயரை நாம் விடவில்லை பாருங்கள். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பூங்காவின் கதை தனி. 1884இல், கருங்கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பள்ளத்தாக்கில் சார்ல்ஸ் கர்டிஸ் என்ற ஆங்கிலேயர் இதை உருவாக்கத் தொடங்கினார். 1910 வாக்கில் பள்ளத்தாக்கையே நீர்த்தேக்கமாக்கும் யோசனை வந்து, பிறகு கைவிடப்பட்டது. ஜப்பான்காரன் காலத்தையும் தாண்டி வந்த தோட்டம் இது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கார்ன்வாலிஸ் கோட்டை மதிலைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பார்க்கட்டும், பார்க்க வேண்டிய கோட்டைதான். ஆனால் பினாங்கின் பழமையை எனக்குக் காட்டச் சொன்னால் நான் முதலில் இந்த மரங்களிடம்தான் கூட்டிக்கொண்டு வருவேன்.

அன்றைக்கு நாங்கள் வெகுநேரம் நின்றது நாகலிங்க மரத்தடியில். கிளை நுனியில் பூக்காமல் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. பக்கத்தில் பீரங்கிக் குண்டு மாதிரி காய்கள் தொங்கின. கீழே விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். தடித்த இதழ்கள், உள்பக்கம் ரோஜா நிறம். நடுவில் கேசரங்கள் பாம்புப் படம் போல வளைந்து குடை பிடித்திருந்தன. "இந்தக் குடைக்கு அடியில பாரு" என்றேன். முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். குட்டியாக ஒரு லிங்கம். "சாமி இருக்கு அத்தை!" என்று கத்தினாள். கை முழுக்க வாசம்.

இந்த மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே யாரும் அதை நாகலிங்கம் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நம் ஆட்கள்தான் பூவுக்குள் சிவனைப் பார்த்தார்கள், சிவன் கோவில்களில் நட்டு வளர்த்தார்கள். கடல் தாண்டி வந்த மரத்துக்குப் பெயர் வைத்து நம்முடையதாக்கிக்கொண்டோம். கடல் தாண்டி வந்த நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா? பள்ளியில் அதன் மலாய்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் எப்படியும் வந்து சேரும். தமிழ்ப் பெயர் நாம் சொன்னால்தான் உண்டு.

சரி, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். அன்றைக்கு ஒரு குடும்பம் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்ததுதான் தாமதம், ஒரு பெரிய குரங்கு பாய்ந்து சின்னப் பையன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அவன் பயந்து அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. நாம் கொடுத்துப் பழக்கித்தானே அதற்கு இந்தத் துணிச்சல் வந்தது? பார்த்து ரசியுங்கள், அது போதும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகள் மரத்தின் மேலேயே அமைதியாக இலை தின்றுகொண்டிருக்கும். அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அருவி வரைக்கும் அனுமதி இல்லாமல் போக முடியாது. அதனால் ஆற்றோரம் ஒரு பாறையில் உட்கார்ந்து, பழைய கோவில் இருந்த கதையை அவளுக்குச் சொன்னேன். அந்தக் கதை தமிழிலும் மலாயிலும் எழுதிய ஒரு பலகை, பூங்காவுக்கும் கோவிலுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கோவில் பக்கம் இருக்கிறவர்களும் பூங்கா பக்கம் இருக்கிறவர்களும் இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள். பணம் திரட்ட வேண்டுமென்றால் முதல் ஆளாக நான் வருகிறேன்.

கதை முடிந்ததும் அவள் ஆற்றில் கையை விட்டு, "அப்போ முருகன் இந்தத் தண்ணியிலதான் குளிச்சாரா?" என்றாள். ஆமாம் என்றேன்.

வருகிற ஞாயிறு அவள் வகுப்புத் தோழிகள் நான்கு பேரோடு மறுபடியும் போகிறோம். காலை 7 மணிக்குப் பூங்கா வாசலில் இருப்போம். நுழைவுக் கட்டணம் கிடையாது. உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், தண்ணீர் போத்தல் மட்டும் போதும். விழுந்த நாகலிங்கப் பூ கிடைத்தால் அப்புறம் எல்லோருமாகக் கோவிலுக்கு எடுத்துப் போகலாம்.