கணக்கு வருது, மின்னழுத்தம் வரலையே

பி.எஸ்சி. இயற்பியல் வகுப்பில் கிர்க்காஃப் விதியை (மின்சுற்றில் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் கணக்கிடும் விதி) வைத்து மூன்று சமன்பாடு எழுதி விடை கொண்டுவரும் பிள்ளைகளிடம் எண்ணே இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி ஐந்து பல்பு, அக மின்தடை (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை) இல்லாத ஒரே மாதிரி மூன்று பேட்டரி. முதல் பேட்டரியில் அ மட்டும். இரண்டாவதில் ஆ, இ தொடராக. மூன்றாவதில் ஈ, உ பக்க இணைப்பாக. எது அதிகப் பிரகாசம்?

அ, ஈ, உ மூன்றும் சமம். ஆ, இ தமக்குள் சமம், ஆனால் மங்கல். முதல் மூன்றுக்கும் பேட்டரியின் முழு மின்னழுத்தமும் கிடைக்கிறது, ஆ, இ அதைப் பாதி பாதியாகப் பங்கிடுகின்றன. அவ்வளவுதான் விடை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லிலியன் மெக்டெர்மாட், பீட்டர் ஷாஃபர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், கால்குலஸோடு இயற்பியல் படித்தவர்களிலேயே சரியாகச் சொன்னது சுமார் 15 சதவீதம்.

தப்பு இரண்டு விதம். ஆ-வில் கொஞ்சம் மின்னோட்டம் 'செலவாகி' மீதிதான் இ-க்குப் போகிறது என்பது ஒன்று. பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டம் தரும், அது ஈ, உ இரண்டுக்கும் பாதி பாதியாகப் பிரியும் என்பது இன்னொன்று. இரண்டிலும் மனசில் ஓடுவது மின்னோட்டம் மட்டும்தான். மின்னழுத்த வேறுபாடு அங்கே வெறும் V என்ற எழுத்து. (தண்ணீர்க் குழாய் உவமை இதற்குப் பாதிதான் உதவும். குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், கம்பியை வெட்டினால் மின்னோட்டம் நின்றுவிடும்.)

இதை உடைக்க எனக்குத் தெரிந்து திறந்த ஸ்விட்சை விட நல்ல கருவி கிடையாது. 3 வோல்ட் பேட்டரி, ஒரு பல்பு, ஒரு ஸ்விட்ச், எல்லாம் தொடராக. ஸ்விட்சைத் திறந்து வைத்து, அதன் இரு முனைக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். V = IR (மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை), I பூஜ்யம், ஆகவே V பூஜ்யம் என்று பலர் எழுதுவார்கள். பிறகு மல்டிமீட்டரை வைக்கட்டும்: ஸ்விட்சில் 3, பல்பில் 0. மின்னோட்டமே இல்லாத இடத்தில் முழு மின்னழுத்தமும் நிற்கிறது! திறந்த ஸ்விட்சுக்கு R முடிவிலி, பூஜ்யத்தை முடிவிலியால் பெருக்கிவிட்டோம் என்று அவர்களே கண்டுபிடிக்க நேரம் கொடுங்கள். எழுதி வாங்காமல் மீட்டரைக் காட்டினால், "அதான் தெரியுமே" என்று நகர்ந்துவிடுவார்கள்.

ஐந்து பல்பையும் செய்து காட்டுவதாக இருந்தால் பழைய செல் வேண்டாம். அதன் அக மின்தடையால் ஈ, உ நிஜமாகவே அ-வை விட மங்கும், தப்பான விடைக்கு நாமே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். 3 வோல்ட்டில் நிறுத்திய ரெகுலேட்டட் பவர் சப்ளை போதும். எல்.இ.டி.யும் கூடாது, டார்ச்சில் போடும் இழை பல்புதான் சரி. ஆ, இ ஒரே பிரகாசமாக இல்லையென்றால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். மங்கலும் அந்தப் பல்போடு சேர்ந்து இடம் மாறினால், கோளாறு பல்பில்.