டெரியின் மீது மட்டும் ஏன் இத்தனை பழி?

கறுப்பின மக்களைத் திரையில் காட்டும் முறை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், ஜார்ஜ் டில்மன் ஜூனியர் இயக்கி 1997இல் வெளிவந்த ‘சோல் ஃபுட்’ படம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். 1991இல் வந்த ‘பாய்ஸ் இன் த ஹூட்’டும் அதன் வழியில் வந்த படங்களும் துப்பாக்கிக்கு நடுவே வளரும் இளைஞர்களைப் பேசின. அவை சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த ஒரு முகமே போதும் என்று இருந்துவிட முடியாதல்லவா?

சிகாகோவில் ஒரு வீடு, அங்கே நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஞாயிற்றுக்கிழமை விருந்து, அதைக் கட்டிக்காக்கும், ‘பிக் மாமா’ (பெரியம்மா என்பதுபோல) என்று எல்லோரும் அழைக்கும் தாய், அவருடைய மூன்று மகள்கள். சர்க்கரை நோய் முற்றிய அந்தத் தாய், தன் கை அடுப்பில் சுடுவதைக்கூட உணராமல் சமைத்துக்கொண்டிருக்கும் சில நொடிகளிலேயே அந்தக் குடும்பத்தின் கதி தெரிந்துவிடுகிறது. அவர் மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்க, விருந்து நின்றுபோகிறது. மூத்தவள் டெரிக்கும் அவளுடைய முன்னாள் காதலனையே மணந்துகொண்ட தங்கை மேக்சினுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் புகைந்த பகை வெளியே வருகிறது. இந்தச் சண்டையை மூட்டிவிட வெள்ளையர் எவரும் தேவைப்படவில்லை. கடைசித் தங்கையின் கணவன் லெம் கைதாவதற்குக்கூட, டெரி ஆத்திரத்தில் செய்த ஒரு காரியம்தான் வழிவகுக்கிறது. இனக்கொடுமைக்குச் சாட்சி சொல்வதற்காக மட்டுமே திரைக்கு வராமல், சொந்த வீட்டுப் பூசலில் தவறு செய்யவும் உரிமை பெற்ற மனிதர்களாக இவர்கள் வருகிறார்கள் என்பதே என் பார்வையில் இப்படத்தின் பெரிய சாதனை. சுமார் 75 லட்சம் டாலரில் எடுத்த படம் 4 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இப்படிப்பட்ட கதைக்கு ஆள் வராது என்ற சாக்கு அதன்பின் எடுபட்டிருக்கக் கூடாது.

ஆனால் டெரி விஷயத்தில் படத்தோடு எனக்கு உடன்பாடில்லை. வழக்கறிஞராக உழைத்து, வீட்டில் முடை வரும்போதெல்லாம் பணம் எடுத்து வைப்பவள் அவள். அவளுடைய கணவன் மைல்ஸ் அவளுடைய உறவுக்காரப் பெண்ணோடு தொடர்பு வைத்துக்கொள்ளும்போதுகூட, மனைவிக்கு நேரமில்லாததுதான் காரணம் என்பதுபோல் கேமரா அவன் பக்கம் சாய்கிறது. (டெரியாக நடித்த வனெஸ்ஸா வில்லியம்ஸின் இறுகிய முகம் மட்டும் அந்தத் தீர்ப்பை ஏற்க மறுக்கிறது.) குழந்தைகளோடு வீட்டிலிருக்கும் மேக்சினைக் குடும்பத்தின் உயிராகவும், சம்பாதிக்கும் டெரியை அதன் உறைபனியாகவும் வைப்பது, கறுப்பினப் பெண்ணுக்கு ஒரு பழைய அச்சை உடைத்துக்கொடுத்த கையோடு இன்னொன்றை மாட்டிவிடுவதாகும். இதே கதை 2000 முதல் 2004 வரை தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, நிக்கோல் ஆரி பார்க்கர் நடித்த டெரிக்குத் தன் தரப்பைச் சொல்ல ஐந்து பருவங்கள் கிடைத்தன.