1965-க்கு முன்பே வந்தவர்கள்

தெற்காசியர்கள் அமெரிக்காவில் குடியேறத் தொடங்கியதே 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகுதான் என்று சொல்லப்படுவதுண்டு. அது சரியல்ல. எண்ணிக்கை பெருகியது அதன் பிறகு, தொடக்கம் அதுவல்ல. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் மர ஆலைகளில் வேலை பார்த்த இந்தியர்களை ஒரு கும்பல் அடித்து விரட்டியது 1907 செப்டம்பரில். கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் குருத்வாரா எனும் சீக்கியர் வழிபாட்டிடம் 1912-இல் தொடங்கியது.

குடியேறியவர்களின் ஒலிப்பதிவு நேர்காணல்களை மட்டும் கேட்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்புதான். முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஒலிப்பதிவுகள் தொடங்கும் முன்பே மறைந்துவிட்டார்கள். அவர்கள் கதையைப் பெரும்பாலும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வாயிலாகத்தான் கேட்க முடிகிறது.

சரிபார்க்க விரும்பினால், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் பகத் சிங் திந்த் தீர்ப்பை (1923) இணையத்தில் தேடிப் படியுங்கள். இந்தியாவிலிருந்து வந்த அவருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்ட வழக்கு அது. 'சாடா' எனும் தெற்காசிய அமெரிக்க டிஜிட்டல் ஆவணக்காப்பகத்தில் பழைய கடிதங்களும் படங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய செய்தித்தாள்களில் தேடும்போது மட்டும் ஒரு கவனம்: 'சீக்கியர்', 'பஞ்சாபி' என்று தேடினால் பல செய்திகள் தப்பிவிடும். எந்த மதத்தவரானாலும் 'இந்து' என்றே அன்று அச்சிட்டார்கள். அந்தச் சொல்லையும் போட்டுத் தேடுங்கள்.